மூடியைத் தட்டிப் பார்த்து ஐஸ் பெட்டி வாங்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், கோடை விடுமுறைக்கு ஜவ்வாது மலையிலும் ஏலகிரியிலும் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறவர்களுக்கான குறிப்புகளைப் படித்தேன். தார்ப்பாய், டார்ச் லைட், கொசுவத்தி என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வரி எழுதியிருந்தீர்கள். ஐஸ் பெட்டிக்கு மட்டும் ‘ஐஸ் பெட்டி ஒன்று’ என்று மூன்று சொல்லோடு நிறுத்திவிட்டீர்கள். எப்படிப்பட்ட பெட்டி என்று விசாரிக்காமல் வாங்கி, போன வருஷம் எங்கள் குடும்பம் பட்டதைச் சொன்னால் நாலு பேருக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். இடம் இல்லையென்றால் சுருக்கிக்கொள்ளுங்கள். இன்சுலினைப் பற்றி வரும் பகுதியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

நான் ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர். 1987-இல் வேலைக்குச் சேர்ந்தபோது எங்களுடையது வட ஆற்காடு மாவட்டம். திருவண்ணாமலை 1989-இல் பிரிந்தது. ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் 2019-இல் பிரிந்தபோது நான் ஓய்வுபெற்றிருந்தேன். அந்த முப்பத்தொரு வருஷமும் என் தோளில் தொங்கியது ஒரு நீலப் பெட்டி. தடுப்பூசி கேரியர். அணைக்கட்டு வட்டாரத்தில் பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை என்று மலை ஊராட்சிகள் இருக்கின்றன. வண்டி போகாத காலத்தில் அந்தப் பக்கமெல்லாம் பெட்டியோடு நடந்தே ஏறியிருக்கிறோம். மே மாதம் அடிவாரத்தில் 40 டிகிரியைத் தாண்டி அனல் வீசும். பெட்டிக்குள் மட்டும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தாக வேண்டும். சூட்டில் கெட்ட மருந்தும் நல்ல மருந்தும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். குழந்தைக்கு அதைப் போட்டுவிட்டு வந்தால் போட்டதற்கு அர்த்தமே இல்லை. அந்தப் பயத்தோடு முப்பத்தொரு வருஷம் பெட்டி தூக்கியவள் என்பதால் ஐஸ் பெட்டியைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அந்தக் கேரியரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் புரியும். பார்க்கப் பெரிதாக இருக்கும், உள்ளே இடம் கொஞ்சம்தான். ஏனென்றால் சுவர் அவ்வளவு கனம். சுவருக்குள் பஃப் என்கிற, சூட்டைத் தடுக்கும் கெட்டி நுரை அடைத்திருக்கும். மூடியும் அதே மாதிரி கனமாக, அதற்குள்ளும் பஃப் நிரம்பி இருக்கும். உள்ளே நாலு பக்கமும் சுவரை ஒட்டி நாலு ஐஸ் பேக், நடுவில் மருந்து. நாலு ஐஸ் பேக்கும் சேர்ந்தால் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல்தான் தண்ணீர். அதை வைத்துக்கொண்டு பன்னிரண்டு மணி நேரம் தைரியமாக வேலை பார்ப்போம். பெட்டி மேல் உட்காரக் கூடாது, கீழே போடக் கூடாது, வெயிலில் வைக்கக் கூடாது, தேவையில்லாமல் திறக்கக் கூடாது. சாயங்காலம் வந்ததும் துடைத்து, மூடியைத் திறந்துவைத்து உலர விட வேண்டும். உள்சுவரில் விரிசல் விட்டால் அந்தப் பெட்டியை ஒதுக்கிவிட வேண்டும்.

சரி, போன வருஷ மே மாதத்துக்கு வருகிறேன். மகனோடு வேலை பார்ப்பவருக்கு ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கம் பட்டா நிலம் இருக்கிறது. சாமை விதைக்கிற நிலம். காட்டுக்குள் தங்க வனத்துறை அனுமதி வேண்டும் என்பதால் அந்த நிலத்திலேயே இரண்டு இரவு கூடாரம் போடலாம் என்று முடிவானது. மகன், மருமகள், பேரன், பேத்தி, நான், என் நாத்தனார். பேரன் பேத்திக்கு அதுதான் முதல் கூடாரம். மகன் வேலூரில் ஒரு கடையில் 26 லிட்டர் பெட்டி ஒன்று வாங்கி வந்தான். சிவப்பு நிறம், வெள்ளை மூடி, பார்க்க அழகாகவே இருந்தது. மேலே ‘5 நாள் வரை ஐஸ் தாங்கும்’ என்று ஸ்டிக்கர். நானும் ஸ்டிக்கரைப் படித்தேனே தவிர மூடியைக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். பெட்டியில் நாலு கிலோ ஐஸ், மசாலா தடவிய இரண்டு கிலோ கோழி, இட்லி மாவு, தயிர், பால், குழந்தைகளுக்கு ஜூஸ். நாத்தனாருக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை, இரண்டு வேளையும் இன்சுலின். திறக்காத இரண்டு குப்பிகளை அவர் ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றி, ஃபிரீசரிலிருந்து அப்போதுதான் எடுத்த ஜெல் பேக்குக்கும் பெட்டிச் சுவருக்கும் இடையில் பத்திரமாகச் செருகியிருக்கிறார். இருப்பதிலேயே குளிர்ச்சியான இடம் அதுதான் என்று அவர் நினைத்தது நியாயம்தான். கண்ணமங்கலம், சந்தவாசல் தாண்டிப் போளூரில் டீ குடிக்க இறங்கினோம். ஜூஸ் எடுக்கப் பெட்டியைத் திறந்த மருமகள் அந்தக் கவரை எடுத்து, “அத்தை, இது என்ன கல்லு மாதிரி இருக்கு?” என்றாள். இரண்டு குப்பியும் உறைந்துபோயிருந்தன.

உறைந்த இன்சுலினை உருக்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. உருகிய பிறகு பழையபடி தெரிந்தாலும் அதன் வேலை போய்விடும். திறக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும், ஒருபோதும் உறையவிடக் கூடாது. நல்லவேளையாக, அவர் தினம் போட்டுக்கொண்டிருந்த குப்பி கைப்பையில் இருந்தது. அதை வைத்து இரண்டு நாளை ஓட்டினோம். முன்சீட்டில் உட்கார்ந்து வந்தவள் நான். ஐஸ் பேக்கோடு மருந்து உரசக் கூடாது என்பதை முப்பது வருஷம் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள். கிளம்பும் முன் பெட்டியை ஒரு முறை திறந்து பார்த்திருந்தால் அந்த இரண்டு குப்பி தப்பியிருக்கும். இன்னும் அது மனதை அறுக்கிறது.

மலைப் பாதையில் ஒரு வளைவில் பெட்டி சரிந்து, மூடியின் ஒரு பக்கக் கீல் பிய்ந்துகொண்டது. கீல் என்று சொல்கிறேன், உண்மையில் மூடியோடு சேர்ந்த மெல்லிய பிளாஸ்டிக் மடிப்புதான். கயிறு போட்டுக் கட்டினோம். இருட்டுவதற்குள் ஐஸ் முக்கால்வாசி தண்ணீராகிவிட்டது. சனிக்கிழமை காலை திறந்தபோது தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. கோழியில் கை வைத்தால் வழவழவென்று ஒட்டியது, வாடையும் வந்துவிட்டது. “மிளகாய்த்தூள் போட்டு நல்லா வேக வெச்சா சரியாயிடும்” என்றான் மகன். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கெட்டுப்போன கறியில் கிருமி விட்டுவைக்கும் சில நஞ்சுகள் கொதித்தாலும் போகாது. இரண்டு கிலோ கோழியையும் குழி தோண்டிப் புதைத்தோம். “ஆயா, கோழிய ஏன் மண்ணுல போடறீங்க?” என்று கேட்டுக்கொண்டு பேரன் பக்கத்திலேயே நின்றான். அன்றைக்கு நிலத்துக்காரர் வீட்டு அம்மா சாமைச் சோறும் கீரைக் குழம்பும் கொடுத்தார்கள். அந்தச் சாப்பாட்டை மறக்க முடியாது.

திரும்பி வந்ததும் மகன் கடைக்குப் போனான். ஸ்டிக்கர் கம்பெனி ஒட்டியது, பில்லில் நாங்கள் எதுவும் எழுதித் தரவில்லையே என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அந்த ஒரு கடையோடு முடிகிற விஷயம் இல்லை இது.

நான் அந்தப் பெட்டியைத் தாழ்வாரத்தில் வைத்துத் தட்டிப் பார்த்தேன். சுவரைத் தட்டினால் ‘தொப் தொப்’ என்று அடைத்த சத்தம். மூடியைத் தட்டினால் காலிக் குடத்தைத் தட்டியது போல ‘டொங் டொங்’. கீல் பிய்ந்த இடத்தில் ஒரு ஓட்டை விழுந்திருந்தது. அதற்குள் தென்னங்குச்சியை விட்டேன். எந்தத் தடையும் இல்லாமல் மூடியின் அந்தக் கோடி வரை போயிற்று. உள்ளே வெறும் காற்று. ஒரு துளி பஃப் இல்லை, தெர்மாகோல்கூட இல்லை. சுவரில் இருந்ததோ ஒன்றரை சென்டிமீட்டர். அடுப்பு போலக் காயும் காருக்குள் அந்த வெற்று மூடி வழியாகச் சூடு இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

புதுப் பெட்டி பார்க்கும் முன் மீன் மார்க்கெட்டில் எனக்குத் தெரிந்த ஒருவரிடம் விசாரித்தேன். நாள் முழுக்கப் பெட்டியைத் திறந்து மூடுகிறவர். கேட்டதும், “மூடிய பாத்து வாங்கும்மா. மூடி நல்லா இருந்தா பொட்டி நல்லா இருக்கும்” என்றார். எங்கள் நீலப் பெட்டியைச் செய்தவர்களும் அதைத்தான் அறிந்து செய்திருக்கிறார்கள்.

அப்புறம் கையில் இன்ச் டேப்போடு நாலு கடை ஏறி இறங்கினேன். கடையில் நின்றபடி பார்க்க வேண்டியதை விவரமாகவே சொல்கிறேன்.

மூடியைத் தட்டிப் பாருங்கள், கழற்ற முடிந்தால் கையில் எடுத்து எடை பாருங்கள். காற்றடைத்த மூடி தக்கை போல இருக்கும். அடுத்து, பெட்டியின் வெளி அகலத்தை அளந்து, உள் அகலத்தையும் அளந்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாதியாக்குங்கள். அதுதான் ஒரு பக்கச் சுவரின் கனம். அதிலும் உள்ளும் வெளியும் பிளாஸ்டிக் தோல் கொஞ்சம் போய்விடும். பஃப் மட்டும் நாலு சென்டிமீட்டராவது இருந்தால்தான் நம் வெயிலில் இரண்டு இரவைப் பற்றி யோசிக்கலாம். பஃப் இரண்டு மடங்கு கனமானால் உள்ளே வரும் சூடு ஏறக்குறைய பாதியாகும். ஒரே கனத்தில் தெர்மாகோலைவிட பஃப் நன்றாகச் சூட்டைத் தடுக்கும். ஆகவே உள்ளே அடைத்திருப்பது எது என்றும் கேளுங்கள்.

அடுத்தது வாய். மூடி வந்து உட்காரும் விளிம்பில் சுற்றிலும் ரப்பர் வார் இருக்கிறதா என்று பாருங்கள். தங்கள் நாளிதழிலேயே ஒரு துண்டு கிழித்து, விளிம்பில் வைத்து மூடிக் கொக்கி போட்டுவிட்டு இழுத்துப் பார்க்கலாம். இழுத்ததும் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் காற்று போகும். நாலு பக்கமும் இப்படிப் பார்க்க வேண்டும். மூலைகளில்தான் பெரும்பாலும் ஏமாறுவோம். செல்போன் டார்ச்சைப் போட்டு உள்ளே வைத்து மூடிவிட்டு, கடையின் இருட்டு மூலையில் வைத்துப் பார்த்தால் வெளிச்சக் கீற்று எங்கே கசிகிறது என்றும் தெரியும். இரண்டு கடைக்காரர்கள் பொறுமையாகச் செய்யவிட்டார்கள். ஒருவர் பெட்டியைத் திறக்கவே கூடாது என்றார். அங்கே நான் நிற்கவில்லை.

நாள்பட உழைக்குமா என்பதற்கு நான் பார்ப்பது கீல், கைப்பிடி, தண்ணீர் வடியும் திருகு மூடி, இந்த மூன்றுதான். கீலுக்குள் கம்பி ஓட வேண்டும். மடிப்புப் பிளாஸ்டிக் கீல் எங்களுக்கு ஒரு மலை ஏற்றத்துக்கே தாங்கவில்லை. கைப்பிடி இரண்டு சின்னத் திருகாணியில் தொங்குகிறதா, பெட்டி உடம்போடு வார்த்ததா என்று பாருங்கள். ஐஸும் சாமானும் நிரம்பினால் இருபது கிலோவைத் தாண்டும், அந்த எடையைத் தூக்கப்போவது அதுதான். வடிகால் மூடிக்கு வாஷர் வேண்டும், தொலையாமல் பெட்டியோடு கட்டியிருந்தால் நல்லது. ரப்பர் வாரும் கொக்கியும் தனியாகக் கிடைக்குமா என்று கடையில் கேட்டு வையுங்கள். முதலில் போவது அவைதான். அதற்காக முழுப் பெட்டியையும் தூக்கி எறிவது பெரிய நஷ்டம்.

பேத்தி செல்போனில் அமெரிக்கப் பெட்டிகளைக் காட்டினாள். ரோட்டோமோல்டு என்கிறார்கள். பிளாஸ்டிக் தூளை அச்சுக்குள் போட்டு, சூடாக்கிக்கொண்டே சுழற்றி, ஒட்டோ மூட்டோ இல்லாமல் ஒரே வார்ப்பாக எடுப்பது. மேலே ஆள் ஏறி நிற்கலாம், உடையாது. ஆனால் 45 லிட்டர் பெட்டி காலியாகவே பத்துக் கிலோ இருக்கும். லாரியில், படகில் வருஷம் முழுக்கப் புரண்டு உருள்கிற பெட்டிக்கு அது சரி. வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை மலைக்குப் போகிற குடும்பத்துக்கு அந்த விலையும் எடையும் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். துணிப்பை மாதிரி வருகிற ஐஸ் பை, காலையில் அமிர்திக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புகிறவர்களுக்குப் போதும். இரவு தங்குவதென்றால் அதை நம்பாதீர்கள்.

கடைசியில் நான் எடுத்தது 32 லிட்டர் பெட்டி. நாலு சென்டிமீட்டர் பஃப், மூடியிலும் அதே கனம், ரப்பர் வார், கம்பிக் கீல். பழைய பெட்டியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விலை. கொடுத்தேன். ஆனால் மலைக்குக் கொண்டுபோகும் முன் வீட்டிலேயே சோதித்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

மூன்று நாளாகத் தண்ணீரை அளந்து டப்பாக்களில் ஊற்றி ஃபிரீசரில் உறைய வைத்து, பெட்டிக்கு 5 கிலோ ஐஸ் சேர்த்தேன். முதலில் பழைய பெட்டி. கீலை ஒட்டவைத்து, ஓட்டையை அடைத்து, காலை ஆறு மணிக்கு ஐஸை வைத்து மூடித் தாழ்வாரத்து நிழலில் விட்டேன். இரவு எட்டு மணிக்குத் திறந்தால் விரல் அளவு ஐஸ்கூட இல்லை. அடுத்த வாரம் புதுப் பெட்டி, அதே இடம், அதே நேரம். மறுநாள் காலை ஆறு மணிக்கு வடிகாலைத் திறந்து தண்ணீரைப் பிடித்து அளந்தேன். 3 லிட்டர் 200 மில்லி. ஒரு கிலோ ஐஸ் உருகினால் ஒரு லிட்டர் தண்ணீர் என்பதால் கணக்கு சுலபம். உள்ளே கிட்டத்தட்ட ஒரு கிலோ எண்ணூறு கிராம் ஐஸ் இன்னும் மிச்சம். மத்தியானத்துக்கு அப்புறமும் உள்ளே கை வைத்தால் சில்லென்று இருந்தது.

இந்தக் கணக்கை வைத்து அந்த ‘5 நாள்’ ஸ்டிக்கரை யோசித்துப் பாருங்கள். நல்ல பெட்டியிலேயே எங்கள் தாழ்வாரத்தில் ஒரு நாளைக்கு மூன்று கிலோவுக்கு மேல் ஐஸ் போகிறது. ஐந்து நாளுக்குப் பதினாறு கிலோ. 32 லிட்டர் பெட்டியில் பாதிக்கு மேல் ஐஸே அடைத்துக்கொள்ளும். அதுவும் ஒரு முறைகூடத் திறக்காமல் நிழலில் வைத்தால்தான். பிள்ளைகள் பத்து நிமிஷத்துக்கொரு தரம் ஜூஸுக்காகத் திறக்கும் பெட்டிக்கு அந்தக் கணக்கு பொருந்தவே பொருந்தாது. எத்தனை டிகிரி வெயிலில், எத்தனை கிலோ ஐஸோடு, எத்தனை முறை திறந்து சோதித்தார்கள் என்று ஸ்டிக்கரில் இல்லையென்றால் அந்த எண்ணுக்கு மதிப்பே கிடையாது. அளந்து பார்க்க யார் வீட்டிலும் முடியும். ஒரு லிட்டர் அளவையும் ஒரு நாள் பொறுமையும் போதும். பில்லை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்கு எதிராகவும் இடம் இருக்கிறது. ஸ்டிக்கரைப் படம் எடுத்து, பில்லில் அந்த வாசகத்தை எழுதித் தரச் சொல்லி வாங்கியிருந்தால் எங்கள் மகன் அன்றைக்குச் சும்மா திரும்பியிருக்க மாட்டான்.

நல்ல பெட்டியையும் தவறாக அடுக்கினால் கெட்ட பெட்டிதான். மாடி அறையில் கிடந்து சூடேறிய பெட்டியில் நேராக ஐஸைப் போட்டால், முதல் ஐஸ் பெட்டியைக் குளிர வைப்பதற்கே செலவாகிவிடும். முந்தின இரவே கொஞ்சம் ஐஸ் போட்டு மூடி வைத்து, காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புது ஐஸ் வைக்க வேண்டும். உள்ளே போகிற பால், தயிர், கறி எல்லாமே ஏற்கெனவே ஃபிரிட்ஜில் குளிர்ந்ததாக இருக்கட்டும், கறியை உறைய வைத்தே எடுத்துப் போனால் அதுவே ஒரு ஐஸ் பேக். சின்னத் துண்டு ஐஸைவிடப் பெரிய கட்டி மெல்ல உருகும். நான் இரண்டு லிட்டர் பாட்டில்களில் குடிதண்ணீரை முக்கால் அளவு ஊற்றி உறைய வைத்துவிடுகிறேன். உருகினால் குடிக்கலாம். கடை ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்று நமக்குத் தெரியாது, அதைச் சாப்பாட்டில் படவிடாதீர்கள். சிலர் ஐஸில் உப்புப் போடச் சொல்வார்கள். உப்பு போட்டால் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போகும், ஐஸும் சீக்கிரம் தீர்ந்துபோகும். குல்பிக்காரருக்கு அது வேண்டும், நமக்கு வேண்டாம். ஐஸ் பேக்கில் உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது எங்கள் துறையிலும் கண்டிப்பான விதி.

முடிந்தால் பெட்டியை இரண்டாக்குங்கள். தண்ணீர், ஜூஸுக்கு அந்தப் பழைய மட்டமான பெட்டியே போதும், எத்தனை முறை வேண்டுமானாலும் திறக்கட்டும். கறி, பால், மருந்து இருக்கும் நல்ல பெட்டியை ஒரு நாளைக்கு மூன்று முறைக்கு மேல் திறப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். காலி இடம் விடாதீர்கள். இடம் மிஞ்சினால் துண்டைச் சுருட்டி வைத்தாவது அடையுங்கள். பச்சைக் கறி இறுக்கமாக மூடிய டப்பாவில் அடியில் இருக்கட்டும். உருகிய தண்ணீரை உடனே வடிக்க வேண்டியதில்லை, ஐஸ் மிதக்கும் வரை அதுவும் குளிர்ச்சிதான். எல்லாவற்றையும் பெட்டிக்குள் திணிக்கவும் வேண்டாம். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு ஐஸ் ஆகாது, குளிர் பட்டால் தோல் சுருங்கிக் கறுத்துவிடும். தக்காளி, வாழைப்பழமும் வெளியே கூடையில் இருந்தால் போதும். கூடாரம் போட்ட இடத்தில் பெட்டியை மர நிழலில் வைத்து, மேலே ஈரக் கோணிச் சாக்கைப் போடுங்கள். நம் பக்கத்து வறண்ட காற்றுக்கு அது நன்றாக வேலை செய்கிறது. நிழல் நகர நகரப் பெட்டியையும் நகர்த்த ஒரு ஆளை நியமியுங்கள். எங்கள் வீட்டில் அது பேரன் பொறுப்பு.

இன்சுலினுக்கு வருகிறேன். ஃபிரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கின் மேல் வெள்ளையாகப் பனி பூத்திருக்கும். அந்த நிலையில் அது பூஜ்யத்துக்கு வெகுவாகக் கீழே இருக்கிறது, பக்கத்தில் வைத்த மருந்தை உறையவைத்துவிடும். மேசையில் இடைவெளி விட்டு அடுக்கி வையுங்கள். பனி கரைந்து மேலே வியர்க்க ஆரம்பிக்கும். ஒவ்வொன்றாக எடுத்துக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே தண்ணீர் சளசளவென்று லேசாகக் கேட்டால்தான் துடைத்துப் பெட்டியில் வைக்கலாம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு மூத்த செவிலியம்மா என் காதில் வைத்து ஆட்டிக் காட்டியது அந்தச் சத்தம்தான். ஜெல் பேக்கில் இந்தச் சத்தம் கேட்காது, அதனால் மருந்துக்குத் தண்ணீர் ஊற்றிய ஐஸ் பேக்கையே வைத்துக்கொள்ளுங்கள். குப்பியை ஐஸில் படாமல், துணியில் சுற்றி ஒரு டிபன் டப்பாவில் போட்டு, பெட்டியின் நடுவில் வையுங்கள். ஒருவேளை உறைந்துவிட்டால் அதைப் போட்டுக்கொள்ளாதீர்கள், வேறு வாங்குங்கள்.

ஒரே ஒரு விஷயம் இன்னும் சொல்ல வேண்டும். பெட்டி வாங்கக் காசில்லை, வாங்கவும் மனமில்லை என்று நிறையப் பேர் தெர்மாகோல் பெட்டியோடு மலைக்கு வருகிறார்கள். பீமன் நீர்வீழ்ச்சிப் பக்கம் உடைந்த பெட்டிகளைப் பாறை இடுக்கில் பார்த்தேன். கால் பட்டால் குருணை குருணையாக உதிர்ந்து தண்ணீரோடு போகிறது. அதைச் சோற்றுப் பருக்கை என்று நினைத்து ஒரு ஆட்டுக்குட்டி முகர்ந்துகொண்டிருந்தது. தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது, இந்தப் பெட்டிகள் மட்டும் வந்துகொண்டே இருக்கின்றன. தெர்மாகோல் பெட்டியில் கொண்டு வந்தவர்கள் தயவுசெய்து அதைத் திரும்ப வீட்டுக்கே எடுத்துப் போங்கள். நமக்குச் சாமைச் சோறு போட்ட மலை அது.

கடைக்காரர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள்தான். சுவரில் எத்தனை சென்டிமீட்டர், மூடியில் எத்தனை சென்டிமீட்டர் என்று ஒரு சீட்டில் எழுதிப் பெட்டி மேல் ஒட்டுங்கள். திறந்து பார்க்க விடுங்கள். தாங்களும் அடுத்த ஞாயிறு இணைப்பில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கினால் நன்றாக இருக்கும்.

வருகிற வெள்ளிக்கிழமை அதே நிலத்துக்குப் போகிறோம். நாத்தனார் முதலில் வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தாழ்வாரத்தில் நான் தண்ணீரை அளந்த அன்றைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், நேற்று இரண்டு குப்பியையும் கொண்டு வந்து என் கையில் கொடுத்து, “அண்ணி, இந்த தடவை நீங்களே வெச்சிடுங்க” என்றார். ஐஸ் பேக்குகள் ஃபிரீசரில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து மேசையில் அடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
சத்துவாச்சாரி, வேலூர்.